பங்குக் கிணறும் பறிபோன பிரசாவுரிமையும்

போன மாதம் எங்கள் நகரத்தில் ஒரு சாமத்தியவீடு. சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாம் வீடியோக்காரருக்கு முன்னால் வரிசையில் நிற்க, ஆண்கள் பக்கம் வழமைபோல மேசையைச் சுற்றி அரசியல். இம்முறை கதை இரட்டைப் பிரசாவுரிமை. 2024 யூன் 27 இல் ஜேர்மனியின் புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் ஆட்களுக்கு இது தீராத கதையாகிவிட்டது.

ஒருவர் மேசையில் கையால் அடித்துச் சொன்னார். நல்ல மனிதர், இங்கத்தைத் தமிழ்ப் பாடசாலையில் வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் படிப்பித்தவர். "சிங்களவன்ர பாஸ்போட்டைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வந்தனாங்கள். இப்ப திருப்பி அவனிட்டையே போய்க் கையேந்துறதோ? மானமுள்ளவன் செய்வானோ?"

நான் வாயைத் திறக்க ஐஸ்கிறீம் வந்துவிட்டது. எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அண்ணை இதை வாசித்தால் கோபிக்கக் கூடாது.

முதலில் அந்தத் "தூக்கி எறிஞ்ச" கதை. யார் எறிந்தது? நான் எறியவில்லை. 1985 இல் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்கு வந்து, பிரீட்றிக்ஸ்ராச நிலையத்தில் ரெயின் ஏறி மேற்குப் பக்கம் இறங்கியவர்களில் நானும் ஒருவன். என்னுடைய பாஸ்போட்டை ஏஜென்சிக்காரன் வாங்கினான், திருப்பித் தரவில்லை. அது இன்னும் எத்தனை பேரின் படத்தை ஒட்டிக்கொண்டு எத்தனை நாடு திரிந்ததோ தெரியாது. என்னோடு வந்தவர்களில் சிலர் கழிவறையில் கிழித்துப் போட்டார்கள். அது வீரம் அல்ல, பயம். பிடித்தால் எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று தெரியக்கூடாதே என்ற பயம்.

பாஸ்போட் வேறு, பிரசாவுரிமை வேறு. பாஸ்போட் இல்லாமல் போன பிறகும் நான் பதினாறு வருடம் இலங்கைப் பிரசையாகத்தான் இருந்தேன். அகதி என்று ஏற்றுக்கொண்டு ஜேர்மன்காரன் தந்த நீலநிறப் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் செல்லும், ஸ்ரீலங்காவுக்கு மட்டும் செல்லாது என்று எழுதியிருந்தது. உங்களில் பலரிடமும் அது இருந்திருக்கும். எந்த நாட்டுக்குப் போகக்கூடாதோ அந்த நாட்டின் பிரசை நான்!

2001 இல் ஜேர்மன் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தேன். கந்தோரில் இருந்த அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொன்னார், "நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட அகதி, பழைய குடியுரிமையைத் துறந்து கடிதம் கொண்டுவரத் தேவையில்லை." எனக்குச் சந்தோசம். மனிசிக்கும் சொன்னேன், "எங்களுக்கு ரெண்டும் இருக்கு" என்று. அப்படியே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2003 இல் சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கட்டுநாயக்காவில் சிவப்புநிற ஜேர்மன் பாஸ்போட்டில் முப்பது நாள் விசா குத்தித் தந்தார்கள். பிறந்த ஊருக்கு முப்பது நாள். அதையும் நான் ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன். போதாததற்கு ஓமந்தையில் இரண்டு தரப்புக்கும் இரண்டு பதிவு, அந்தக் கதை இப்ப வேண்டாம்.

உண்மையில் விளங்கியது 2017 இல். வடமராட்சியில் எங்கள் வீட்டுக் காணிக்கும் பக்கத்து வாத்தியார் வீட்டுக் காணிக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. எங்கள் உறுதியில் "கிணற்றில் பாதிப் பங்கும் வழிவாய்க்காலும்" என்று இருக்கிறது. கிணறு இருப்பது வாத்தியாரின் எல்லைக்குள். வாத்தியார் காலமான பிறகு பிள்ளைகள் அந்த ஒன்றரைப் பரப்பை விற்கப்போகிறார்கள் என்று தங்கச்சி ரெலிபோனில் சொன்னாள். அம்மா உயிரோடு இருந்த காலம் அது. அவ வாளியைப் பிடித்த கையோடு நின்று கதைத்த கிணறு. யாரோ வெளியாள் வாங்கி மதில் கட்டினால்? காசை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நொத்தாரிசு ஐயா என் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, உங்கட பேருக்கு உறுதி முடிக்கேலாது. நீங்கள் வெளிநாட்டவர்."

"ஐயா, நான் இஞ்சதானே பிறந்தனான்."

"பிறந்தனீங்கள். இப்ப இல்லை."

அப்போதுதான் இரண்டு சட்டங்களையும் தேடி வாசித்தேன். ஒன்று 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். வம்சாவளிப் பிரசையான ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் பிரசாவுரிமையை எடுக்கும் அந்த நாளிலேயே இலங்கைப் பிரசை இல்லாமல் போகிறார் என்கிறது அதன் 20 ஆம் பிரிவு. முன்கூட்டியே அனுமதி எடுத்து வைத்திருந்தால் மட்டும் விலக்கு. கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை, ஒருவரும் வந்து சொல்லப்போவதும் இல்லை. ஜேர்மன் அம்மா துறக்கத் தேவையில்லை என்றது உண்மைதான். நான் துறக்கவில்லை. அவர் பத்திரத்தைக் கையில் தந்து கைகுலுக்கிய அந்த நிமிடமே அது தானாகக் கழன்று விழுந்துவிட்டது.

மற்றது 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதை 2013 சனவரி 1 இலிருந்து செல்லுபடியாகும்படி தடுக்கிறது. தாய் தகப்பனின் முதுசம் வரலாம், நெருங்கிய உறவினர் நன்கொடையாக எழுதலாம். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும் தடை இல்லை. ஆனால் என்னைப் போன்ற ஒருவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கிணற்றைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தங்கச்சியின் மகனின் பெயரில் உறுதி முடித்தோம். (எத்தனை குடும்பங்கள் இந்த "பெயரில் முடித்த" காணிகளால் கதை பேச்சில்லாமல் கிடக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.)

ஆகவே அண்ணைக்கு என் முதல் பதில் இதுதான். துறவு என்றால் உடையவன் தெரிந்து விடுவது. எங்களில் பெரும்பாலானோர் எதையும் துறக்கவில்லை. நித்திரையில் இருக்கும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை இப்போது நாங்களே தியாகம் என்று சொல்லிக்கொள்வது யாருக்கு வசதி? எடுத்தவனுக்குத்தான் வசதி.

அந்தச் சட்டத்தின் பிறப்பையும் ஒருக்கா யோசியுங்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948 இல் அது கொண்டுவரப்பட்டதே மலையக மக்களை வெளியே தள்ளத்தான். தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்று காட்டு, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்த பாட்டனுக்கு எங்கே பிறப்புப் பத்திரம்? அவர்கள் ஒருவரும் துறக்கவில்லை. பிறகு 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் இருந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று கணக்கு முடித்தார்கள். ஆடு மாடு பிரித்ததுபோல. அந்த மக்களின் எச்சத்துக்கு முழுமையான தீர்வுக்குச் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் எங்கள் பெரியவர்களில் கனபேர் அது தோட்டக்காட்டான்ர பிரச்சினை என்று பேசாமல் இருந்தார்கள். செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அது ஒரு முக்கிய காரணம். அதே சட்டப் புத்தகத்தின் இன்னொரு பிரிவு ஐம்பது வருடம் கழித்து ஒரு ஜேர்மன் கந்தோரில் என்னைப் பிடித்தது.

இனி மற்றப் பக்கம். திருப்பி எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அவர்கள் சொல்வது எல்லாம் காணி, வீடு, வங்கி வட்டி, வயதுபோன காலத்தில் விசாக் கரைச்சல் இல்லாமல் மாதக்கணக்கில் போய் இருப்பது. எல்லாம் உண்மை. ஆனால் விலையைச் சொல்கிறார்கள் இல்லை.

இரட்டைப் பிரசாவுரிமை உரிமையாகக் கிடைக்கும் ஒன்று அல்ல. 1987 இல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். அமைச்சர் திருப்திப்பட வேண்டும். எதற்கு? உமக்கு அதைத் தருவதால் இலங்கைக்கு நன்மை உண்டு என்று! எனக்கு நன்மையா, என் அம்மாவுக்கு நன்மையா என்பது கேள்வி இல்லை. வயது 55 ஐத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது படிப்பு, தொழில் தகைமை, அல்லது 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத சொத்து, வைப்புப் பணம் என்று வகைகள். 2011 இல் திடீரென்று நிறுத்திவைத்தார்கள், ஆட்சி மாறி 2015 இல் திரும்பத் திறந்தார்கள். தரும்போது நிறுத்தலாம் என்றால் அது உரிமை இல்லை, சலுகை. அண்ணையின் மானக் கதையில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான், மறுக்கமாட்டேன்.

அடுத்தது பயம். இதை மேசையில் ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் உள்ளே இருப்பது இதுதான். ஜேர்மன் பாஸ்போட்டோடு மட்டும் கட்டுநாயக்காவில் இறங்கினால் நான் ஒரு ஜேர்மன்காரன். பிடித்தால் தூதராலயத்துக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று ஒரு தைரியம். இரண்டும் இருந்தால்? ஒரு நாடு தன்னுடைய பிரசைக்காக, அவர் பிரசையாக உள்ள மற்ற நாட்டுக்கு எதிராக இராசதந்திரப் பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்று 1930 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அதாவது இலங்கை மண்ணில் நான் இலங்கைக்காரன் மட்டும்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கியவர்கள் அவர்கள். நான் ஒரு காலத்தில் இங்கே ஊர்வலங்களுக்குப் போனவன். போகாதவர் யார்? எந்தப் படத்தில் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஜேர்மனியில் இருந்த எங்களுக்கு இன்னொரு பொறியும் இருந்தது. 2024 யூன் 27 க்கு முன்னர், அனுமதி எடுக்காமல் வேறு நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றால் ஜேர்மன் குடியுரிமை தானாகப் போய்விடும். துருக்கிக்காரர்களைக் கேளுங்கள். ஜேர்மன் எடுத்த பிறகு போய்த் துருக்கியை மெல்லத் திருப்பி எடுத்தார்கள். 2000 இல் சட்டம் இறுகியதும் ஆயிரக்கணக்கானோர் ஒரு நாள் காலை ஜேர்மன் இல்லாமல் நின்றார்கள். எங்களில் யாராவது 2015 இல் கொழும்பு கதவைத் திறந்ததும் ஓடியிருந்தால் பின்னால் பேர்லின் கதவு சாத்தியிருக்கும். கனடா, இலண்டன் ஆட்களுக்கு இந்தக் கரைச்சல் இருந்ததில்லை. நோர்வேக்காரருக்கு 2020 இல் விடிந்தது, டென்மார்க்காரருக்கு 2015 இல். நாங்கள்தான் கடைசியில். இங்கேயும் காற்று மாறிக்கொண்டிருக்கிறது. மூன்று வருடத்தில் ஜேர்மன் எடுக்கும் வழியை 2025 ஒக்ரோபரில் அடைத்துவிட்டார்கள், இரட்டையில் இன்னும் கை வைக்கவில்லை.

கை வைக்கமாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு வைத்திருப்பவனிடமிருந்துதான் ஒன்றைப் பறிக்கலாம். ஒன்று மட்டும் உள்ளவனிடம் பறித்தால் அவன் நாடற்றவன் ஆகிவிடுவான், சட்டம் இடம் கொடாது. பிரித்தானியாவில் பிறந்து வளர்ந்த சமீமா பேகம் என்ற பெண்ணின் குடியுரிமையை 2019 இல் பறித்தார்கள். சிரியாவுக்குப் போனது பெரிய பிழைதான். ஆனால் அரசாங்கம் சொன்ன நியாயம் என்ன? உனக்குத் தாய் தகப்பன் வழியாகப் பங்களாதேஷ் உரிமை இருக்கிறது, ஆகவே பறிக்கலாம் என்று. பங்களாதேஷ் தனக்கு இந்த ஆளைத் தெரியாது என்றது. அதே பிழையை ஒரு யோன் சிமித் செய்திருந்தால்? ஜேர்மனியின் அடிப்படைச் சட்டம் 16 ஆம் உறுப்புரையில் குடியுரிமையைப் பறிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நாசிகள் 1941 இல் ஒரே ஆணையால் நாட்டைவிட்டு வெளியேறியிருந்த யூதர்களின் குடியுரிமையை அழித்த நாடு இது, அந்தச் சுட்ட புண்ணில் எழுதியது. அப்படியிருந்தும் 2019 இல் இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு மட்டும் பொருந்தும் ஒரு இழப்பு விதியைக் கொண்டுவந்தார்கள். ஆயுதக் குழுக்களோடு போய்ச் சண்டையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். "பயங்கரவாத அமைப்பு" என்ற சொல்லை எங்கள் சனம் லேசாகக் கடந்துபோக முடியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் திருப்பி எடுக்கத்தான் வேண்டும் என்கிறேன். ஏன்?

2010 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஒன்பது பாராளுமன்ற ஆசனங்கள். 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. ஆசனம் பதிவு செய்த வாக்காளர் தொகையைப் பார்த்துக் கொடுப்பது. ஆட்கள் இல்லை, ஆசனம் இல்லை. குண்டு போட்டுக் குறைத்தது ஒரு பங்கு என்றால் நாங்கள் விமானம் ஏறிக் குறைத்தது இன்னொரு பங்கு. நான் பிரசாவுரிமை எடுத்தவுடன் போன ஆசனம் திரும்பி வராது, அது எனக்கும் தெரியும். 2024 தேர்தல் வரை வெளிநாட்டிலிருந்து வாக்குப் போட வழி இருக்கவில்லை. ஆனால் மத்திய கிழக்கில் வேலை செய்பவர்களுக்காக அந்த உரிமையை நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். ஒரு நாள் கொடுத்தால் யாருக்குக் கொடுப்பார்கள்? பிரசைகளுக்கு. மானத்தோடு வெளியே நிற்கும் எங்களுக்கு அல்ல. அன்றைக்கும் நாங்கள் ஒரு சாமத்தியவீட்டு மேசையில் இருந்து, யார் எங்கள் ஊரை ஆள வேண்டும் என்று கதைத்துக்கொண்டிருப்போம்.

நிற்கிறவர்களுக்கும் தடைதான். 19 ஆவது திருத்தம் 2015 இல் இரட்டைப் பிரசைகள் பாராளுமன்றம் போவதைத் தடுத்தது. 2020 இல் 20 ஆவது திருத்தம் கதவைத் திறந்தது, அமெரிக்கக் குடியுரிமையும் வைத்திருந்த பசில் ராஜபக்ச 2021 இல் உள்ளே வந்தார். 2022 இல் 21 ஆவது திருத்தம் திரும்பப் பூட்டியது. தமையனின் கதை இன்னும் வடிவு. கோத்தபாய 2019 இல் சனாதிபதியாக நிற்பதற்கு அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார். தெரிந்து, கையெழுத்துப் போட்டு, உண்மையாகத் துறந்த ஒரு ஆள்! 2022 யூலையில் சனம் துரத்த மாலைதீவு, சிங்கப்பூர், பிறகு தாய்லாந்து என்று தங்க இடம் தேடித் திரிந்தார். எங்களை அகதியாக்கியவர்களில் ஒருவருக்கு அந்தச் சில கிழமை என்ன விளங்கியதோ.

அண்ணையிடம் கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டு முகாம்களில் எங்கள் சனம் இன்னும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமில் பிள்ளை பெற்றுவிட்டார்கள். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 யூலைக்கு முன்னர் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று நீதிமன்றம் போய் வழக்காடி வென்று, 2024 இல் முதன்முதலாக வாக்குப் போட்டார். அவருக்கு அப்போது 38 வயது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, "நாங்கள் பிரசாவுரிமையைத் தூக்கி எறிஞ்சனாங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்தி எங்களால் சொல்ல முடியுமா?

நாட்டுப்பற்று வேறு, இது வேறு. எனக்கு அந்த அரசாங்கத்தில் ஒரு துளி பற்றும் இல்லை. பங்குக் கிணற்றில் பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சில்லை என்பதற்காக யாராவது தன் பாதிப் பங்கை எழுதிக் கொடுப்பார்களா? பேசாமல் வந்து, தன் முறைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு போவார்கள். அமைச்சரின் "நன்மை" என்ற சொல் எனக்கு எரிகிறதுதான். அதைவிட எரிவது, நான் விண்ணப்பிக்காமல் இருந்தால் அந்தக் கந்தோரில் ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்பது.

எல்லோரும் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே வழக்கு உள்ளவர், பெயர் பட்டியலில் இருப்பவர், தடை செய்த அமைப்பு ஒன்றில் பதவியில் இருந்தவர் தயவுசெய்து ஒரு நல்ல சட்டத்தரணியைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். அவர்களுக்கு ஒரே ஒரு ஜேர்மன் பாஸ்போட்தான் கவசம். இன்னும் ஜேர்மனே எடுக்காமல் முப்பது வருடமாக வதிவிட விசாவோடு மட்டும் இருப்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். நாடு கிடைத்தால் போவோம் என்று இருந்தவர்கள். அவர்கள் முதலில் இங்கத்தை வாக்கை எடுக்கட்டும். வாக்கு இல்லாதவனுக்காக இந்த ஊரில் எந்தக் கட்சிக்காரனும் கதவைத் தட்டமாட்டான்.

எனக்கு 55 தாண்டிவிட்டது. அந்த வகையில் விண்ணப்பிக்கலாம். மனிசிக்கு விருப்பமில்லை, "பிடிச்சு வைச்சா ஆர் வாறது?" என்று ஒரே கேள்வியை ஒரு மாதமாகக் கேட்கிறா. என்னிடம் பதில் இல்லை. மகள் மட்டும் படிவத்தை எடுத்துத் தந்தாள். பிறப்புப் பத்திரப் பிரதி கேட்கிறது. பருத்தித்துறையில் ஆள் பிடித்து எடுப்பித்தேன். அதில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் என் ஜேர்மன் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டுமாம். அதற்குத் திரும்ப அதே நொத்தாரிசு ஐயாவிடம்தான் போக வேண்டும்.

கிணற்றுக் காணி உறுதியில் பெயர் உள்ள மருமகன் போன வருடம் கனடாவுக்குப் போய்விட்டான். அகதி வழக்கு ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இன்னும் சில வருடத்தில் கனடியப் பிரசாவுரிமை எடுப்பான். எடுக்கிற நாளில் அவனுக்கும் என்ன நடக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் விளங்கப்படுத்தினேன்.

"உண்மையாவோ மாமா?" என்றான். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."